திங்கட்கிழமைக்கு ஒரு படி கூட

காலையில் பிரேயர் முடிந்து வகுப்புக்குள் வந்து உட்கார்ந்ததும் எங்கள் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறப்பார். 'உள்ளேன் ஐயா' எல்லாம் ஒருவழியாக ஓய்ந்த பிறகு, பதிவேட்டை மூடாமலே, "சத்துணவு சாப்பிடுகிறவர்கள் கையைத் தூக்குங்கள்" என்பார். கைகள் உயரும். சுட்டுவிரலால் காற்றில் புள்ளி வைத்துக்கொண்டே எண்ணுவார். ஒரு துண்டுத் தாளில் வகுப்பையும் எண்ணிக்கையையும் எழுதி, முன்வரிசைப் பையன் ஒருவனிடம் கொடுத்து அனுப்புவார். பள்ளிக்குப் பின்னால் வேப்பமரத்தை ஒட்டி ஓர் ஓலைக் கொட்டகை. தாள் அங்கே போகும். அதை வாங்கி, அரிசித் தவிடு படிந்த கையால் இடுப்பில் செருகிக்கொள்கிறவர் என் அம்மா.

கோவில்பட்டிக்கும் எட்டயபுரத்துக்கும் இடைப்பட்ட கரிசல் காட்டு ஊர் எங்களுடையது. மானாவாரிப் பூமி. மழை பெய்தால் உளுந்தும் பருத்தியும் மிளகாயும் உண்டு. பெய்யாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ் உண்டு. அம்மா 1982-இல் சத்துணவு வேலையில் சேர்ந்தார். அந்த ஆண்டு ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதலில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கும் பால்வாடிகளுக்கும், செப்டம்பரில் நகரங்களுக்கும், 1984-இல் பதினைந்து வயது வரையிலான பிள்ளைகளுக்கும் என்று படிப்படியாக விரிந்தது. ஒவ்வொரு மையத்துக்கும் அமைப்பாளர் ஒருவர், சமையலர் ஒருவர், உதவியாளர் ஒருவர். அம்மா உதவியாளர். ஊர் வாயில் 'ஆயா'. பதவியின் பெயர் காகிதத்தில்தான். விறகு பிளப்பது, அரிசியில் கல் பொறுக்குவது, அண்டா தேய்ப்பது எல்லாம் இருவர் வேலையும்தான்.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு நூறு கிராம் அரிசி. பத்துப் பிள்ளைக்கு ஒரு கிலோ. வாய்ப்பாடு தெரியாதவருக்கும் வருகிற கணக்கு. ஐந்து வகுப்பிலிருந்தும் தாள்கள் வந்து சேர்ந்ததும் அமைப்பாளர் கூட்டிச் சொல்வார், அம்மா அளந்து போடுவார். செவ்வாய் முதல் வெள்ளி வரை இந்தக் கணக்கு ஒழுங்காகவே நடக்கும். திங்கட்கிழமை மட்டும் உதைக்கும். பிள்ளைகளின் எண்ணிக்கை அதேதான், ஆனால் சோறு பற்றாது. இரண்டாவது முறை தட்டை நீட்டுகிறவர்கள் திங்கட்கிழமைகளில் கூடிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கும் திங்கட்கிழமை மத்தியானத்துக்கும் நடுவில் அந்த வீடுகளில் என்ன நடந்தது என்பதை அண்டாவின் அடியைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பார் அம்மா.

அதனால் அவரும் சமையலரும் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை எங்கள் பக்கத்தில் சந்தை. சில பிள்ளைகள் காலையில் கையைத் தூக்கிவிட்டு மத்தியானம் தாயோடு சந்தைக்குப் போய்விடுவார்கள். அன்றைக்கு ஒரு படி குறைத்து உலையில் போட்டு, அந்தப் படியைத் திங்கட்கிழமைக்கு எடுத்துவைப்பார்கள். பதிவேட்டில் இதற்கு இடம் கிடையாது. ஒருமுறை சனிக்கிழமை காலையில் திடீர் ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்து மூட்டையை எடைபோட்டுப் பார்த்தார். இருப்பு, பதிவேட்டைவிட ஒரு படி கூடுதலாக இருந்தது. குறைந்தால் திருட்டு என்று தெரியும்; கூடினால் என்ன என்று அவருக்கே தெரியவில்லை. ஆனாலும் மெமோ கொடுத்தார். அமைப்பாளர் 'தராசில் பிழை' என்று எழுதிக் கொடுத்துத் தப்பித்தார். 'திங்கட்கிழமைப் பசி' என்று எழுத அந்தப் படிவத்தில் வழி இல்லை.

பள்ளி உணவைப் பற்றி நான் படிக்கிற கட்டுரைகள் பெரும்பாலும் கலோரியில் தொடங்கிக் கலோரியில் முடிகின்றன. 2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும், ஆறு முதல் எட்டு வகுப்புக்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும் என்று வரையறுத்திருக்கிறது. வேண்டியதுதான். அளவு எழுதிவைக்காவிட்டால் சாம்பார் ரசமாகிவிடும், ரசம் வெந்நீராகிவிடும். ஆனால் இந்தத் திட்டத்தை உயிரோடு வைத்திருக்கிற விஷயம் வேறொன்று என்பது என் எண்ணம். அதைச் சொல்ல அந்தக் கையுயர்த்தலுக்கே திரும்பிப் போக வேண்டியிருக்கிறது.

நான்காம் வகுப்பில் இருந்தபோது வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு குடும்பத்துப் பையன் எங்கள் வகுப்பில் சேர்ந்தான். மூன்றடுக்கு டிபன் கேரியர். மூடியைத் திறந்தால் எண்ணெயில் மினுங்குகிற உருளைக்கிழங்கு. எங்களிடம் இருந்தது அலுமினியத் தட்டு. அதைப் புத்தகப் பைக்குள்ளேயே வைத்திருப்போம். நடக்கும்போது சிலேட்டும் தட்டும் உரசிச் சத்தம் போடும். அந்தச் சத்தம் அதுவரை எனக்குக் கேட்டதே இல்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு கேட்கத் தொடங்கியது.

ஒருநாள் கையைத் தூக்காமல் இருந்துவிட்டேன். ஆசிரியர் கவனிக்கவில்லை. எண்ணி எழுதி அனுப்பிவிட்டார். மத்தியானம் எல்லாரும் வரிசையில் உட்கார, நான் கிணற்றடியில் போய் நின்றுகொண்டேன். பசிக்கவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பந்தி முடிந்து, தட்டுகள் கழுவுகிற சத்தமும் ஓய்ந்த பிறகு, பெரிய பையன் ஒருவன் வந்து "உன் அம்மா கூப்பிடுகிறார்" என்றான். போனேன். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. அண்டாவைச் சாய்த்து, அடியில் பிடித்திருந்த காந்தலைக் கரண்டியால் சுரண்டி எடுத்து, மிச்சமிருந்த சாம்பாரை ஊற்றிப் பிசைந்து, என் கையில் உருட்டி உருட்டி வைத்தார். கணக்கில் இல்லாதவனுக்குக் கணக்கில் இல்லாத சோறு. நான்காம் வகுப்புத் தாளில் வழக்கமான எண்ணைவிட ஒன்று குறைந்திருந்ததைக் காலையிலேயே பார்த்திருக்கிறார். கடைசி உருண்டையை வைத்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்குக் கையைத் தூக்கு. நீ தூக்காவிட்டால் இங்கே நூறு கிராம் குறைகிறது." அவ்வளவுதான். மறுநாள் தூக்கினேன். அதற்கடுத்த வாரம் டிபன் கேரியர் பையனும் தூக்கினான். அவனுக்கு எங்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டுமாம். ஆசிரியர் ஒரு கணம் அவனைப் பார்த்தார், பிறகு எண்ணிக்கொண்டார்.

அந்த ஒரு கணத்தில் அவர் எதுவும் கேட்காமல் விட்டதை நான் பல ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்துகொண்டேன். உன் அப்பா என்ன வேலை பார்க்கிறார், வீட்டில் எத்தனை பேர், உனக்கு எதற்கு இலவசச் சோறு என்றெல்லாம் கேட்டிருந்தால் அவன் கை இறங்கியிருக்கும். அவன் கை இறங்கியிருந்தால், உயர்ந்திருக்கிற மற்ற கைகள் எல்லாம் ஏழைகளின் கைகள் என்று ஆகியிருக்கும். அடுத்த நாளிலிருந்து எத்தனை கைகள் உயர்ந்திருக்கும்?

என் அப்பா காலத்தில் அப்படித்தான் இருந்தது. காமராஜர் 1956-இல் மதிய உணவுத் திட்டத்தை எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் எட்டயபுரத்தில் தொடங்கிவைத்தார். மாடு மேய்க்கிற சிறுவனைப் பள்ளிக்கு ஏன் போகவில்லை என்று அவர் கேட்டதாகவும், 'போனால் சோறு யார் போடுவார்' என்று அவன் திருப்பிக் கேட்டதாகவும் ஒரு கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். அந்தத் திட்டத்தை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்ததில் கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலுவின் உழைப்பு பெரிது. அரசிடம் பணம் குறைவு. ஊர்க்காரர்கள் தந்த தானியத்திலும் காய்கறியிலும் விறகிலும் பல பள்ளிகளில் அடுப்பு எரிந்தது. ஆனால் அது ஏழைப் பிள்ளைகளுக்கான திட்டம். யார் ஏழை என்று ஆசிரியர் பட்டியல் எழுத வேண்டும். அப்பாவின் பெயர் பட்டியலில் இருந்தது. 1961-இலிருந்து கேர் என்ற அமெரிக்க அமைப்பு பால் பவுடரும் எண்ணெயும் சோள மாவும் அனுப்பத் தொடங்கியது. அந்த மஞ்சள் சோள உப்புமாவைத் தின்றுதான் அப்பா ஐந்தாம் வகுப்பு வரை படித்தார். கடைசிவரை மஞ்சள் நிறத்தில் எந்த உப்புமா வந்தாலும் தட்டைத் தள்ளிவிடுவார். ருசி பிடிக்காமல் அல்ல, அதைத் தின்கிறவன் யார் என்று வகுப்பு முழுக்கத் தெரிந்ததுதான் அவருக்குக் கசந்தது என்று அம்மா சொல்வார். இருந்தாலும், அந்த மஞ்சள் உப்புமா இல்லாவிட்டால் அவர் கையெழுத்துப் போடக் கற்றிருக்க மாட்டார் என்பதையும் அதே மூச்சில் சொல்வார்.

இன்னும் பின்னால் போனால் சென்னை வருகிறது. 1920-இல், நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி தர மன்றம் தீர்மானம் போட்டது. பிறகு மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. அந்த ஐந்து பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை 1922-23-இல் 811. 1924-25-இல் 1,671. இரண்டே ஆண்டில் இரண்டு மடங்கு. 1925 ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. தொடக்கக் கல்விக்கான நிதியிலிருந்து சிற்றுண்டிக்குச் செலவழிக்கக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு மறுத்துவிட்டது. கல்விக்கான பணம் வேறு, சோற்றுக்கான பணம் வேறு என்று கணக்குப் பிள்ளைக்குத் தோன்றுவது இயல்புதான். 811-க்கும் 1,671-க்கும் நடுவில் இருக்கிற எண்ணூற்றுச் சொச்சம் பிள்ளைகளிடம் கேட்டிருந்தால் வேறு பதில் கிடைத்திருக்கும்.

1982-இல் எம்.ஜி.ஆர். செய்த மாற்றம், என் பார்வையில், பட்டியலைக் கிழித்ததுதான். வருகிற பிள்ளைக்கெல்லாம் சோறு. வீண் செலவு, ஓட்டுக்கான சோறு என்று அப்போது சொல்லாதவர்கள் குறைவு. பணம் உள்ள வீட்டுப் பிள்ளைக்கும் ஏன் என்ற கேள்வி இன்றைக்கும் வருகிறது. பணம் உள்ள வீட்டுப் பிள்ளைகள் எப்படியும் இந்த வரிசைக்குப் பெரிதாக வருவதில்லை. வருகிற ஒன்றிரண்டு பேருக்கு ஆகிற அரிசியை, பட்டியல் எழுதுவதற்கும் சரிபார்ப்பதற்கும் ஆகிற செலவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். பட்டியலில் விட்டுப்போகிற பிள்ளையின் கணக்கு இதில் சேரவே இல்லை.

எங்கள் ஊரில் பள்ளிக்கு ஒரு போட்டி இருந்தது. தீப்பெட்டி ஆபீஸ். விடியாத இருட்டில் வண்டி வந்து நிற்கும். தூக்கக் கலக்கத்தோடு சிறுவர்களும் சிறுமிகளும் ஏறுவார்கள். குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது. சின்ன விரல்களுக்கு வேகம் அதிகம் என்று சொல்லி வேலை கொடுத்தவர்கள் இருந்தார்கள். சத்துணவு வந்து தீப்பெட்டியை ஜெயித்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது அப்படி இல்லை. ஆறு, ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகள் விஷயத்தில் சோறு ஜெயித்தது. அந்த வயதில் பிள்ளை சம்பாதிப்பது சொற்பம். ஒரு வேளைச் சாப்பாடு அதற்கு ஈடு. பத்து, பதினொன்று வயதானதும் விரல்கள் தேர்ந்துவிடும், கூலி கூடிவிடும். என் பெரியப்பா மகள் ஐந்தாம் வகுப்போடு வண்டியில் ஏறினாள். எங்கள் வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிறவள் என்று பெயர் எடுத்தவள். வீட்டுக்குச் சாயங்காலம் கூலி கொண்டுவருகிற பிள்ளைக்கு முன்னால், மத்தியானச் சோறு தின்றுவிட்டு வருகிற பிள்ளை தோற்றுத்தான் போனது. பதினான்கு வயதுக்குக் கீழே இருப்பவர்களைத் தீப்பெட்டித் தொழிலில் வைக்கக் கூடாது என்று 1986-இல் சட்டம் வந்தது. அது எங்கள் ஊர் இருட்டு வரைக்கும் வந்து சேர இன்னும் சில காலம் பிடித்தது. சோறு பள்ளிக்கு அழைத்துவரும். தக்கவைக்கிற வேலை முழுவதையும் அதன் தலையில் கட்ட முடியாது.

ஆனால் அழைத்துவருவதே எவ்வளவு பெரிய காரியம் என்பது விடியற்காலையில் ஒரு தாயின் இடத்தில் நின்று பார்த்தால் தெரியும். களையெடுப்புக்குப் போகிறவள் ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். பிள்ளைக்கு மத்தியானத்துக்கு என்ன என்கிற கேள்விக்குப் பதில் இருந்தால் அவள் நேரத்துக்குக் கிளம்பலாம், முழுக் கூலி வாங்கலாம். பதில் இல்லையென்றால் மூத்த பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பாமல் அடுப்படியில் நிறுத்த வேண்டும். பள்ளியில் போடுகிற நூறு கிராம் அரிசி வீட்டுப் பானையில் மிஞ்சுகிறது. அது தவழ்கிற குழந்தைக்குப் போகிறது. உணவுப் பாதுகாப்பு என்கிற கனமான சொல் எங்கள் தெருவில் இப்படித்தான் புழங்கியது.

வறட்சியில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். ஆந்திரப் பிரதேசத்தில் வறட்சிக் காலத்தில் சிறு குழந்தையாக இருந்து வளர்ச்சி குன்றிய பிள்ளைகள், பள்ளிக்கு வந்து மதிய உணவு சாப்பிட்ட பிறகு அந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டினார்கள் என்று ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. 2021-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த இன்னோர் ஆய்வு இதைவிட வியப்பானது. இந்தியா முழுவதும் எடுத்த தரவுகளை வைத்து, சிறுமியாகப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்டவர்கள் பின்னாளில் தாயானபோது அவர்களுடைய குழந்தைகள் உயரத்தில் மேம்பட்டிருந்தார்கள் என்று கண்டது. ஒரு சிறுமியின் தட்டில் விழுந்த சோறு இருபது ஆண்டு கழித்து இன்னொரு குழந்தையின் எலும்பில் போய்ச் சேர்கிறது. வருடாந்திர பட்ஜெட்டில் இதை எந்தப் பத்தியில் எழுதுவார்கள் என்று எனக்கு வேடிக்கையாக இருக்கும்.

தமிழ்நாட்டுக்கு வெளியே இது வெகுகாலம் மூட்டையாகவே நின்றது. 1995 ஆகஸ்ட் 15 அன்று ஒன்றிய அரசு தேசிய அளவில் திட்டத்தைத் தொடங்கினாலும், பெரும்பாலான மாநிலங்கள் மாதம் மூன்று கிலோ தானியத்தை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பின. வீட்டுக்குப் போன தானியம் வீட்டில் உள்ள அத்தனை பேரின் தானியம். 2001-இல், ஒருபக்கம் அரசுக் கிடங்குகள் நிரம்பி வழிய மறுபக்கம் வறட்சியில் மக்கள் பட்டினி கிடப்பதைச் சுட்டிக்காட்டி மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் 'சமைத்த உணவு' என்று உத்தரவிட்டது. குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம், ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள். 'சமைத்த' என்ற அந்த ஒரு சொல்லுக்குள்தான் அடுப்பும் அம்மா போன்றவர்களும் இருக்கிறார்கள்.

அடுப்பு என்றால் ஆபத்தும் உண்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையல் கூடத்தில் பிடித்த தீ கூரைக்குத் தாவி 94 பிள்ளைகளைக் கொன்றது. அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக ஓலைக்குக் கீழே விறகடுப்பை எரித்திருக்கிறார். காற்று ஒருநாள் திரும்பி அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவர் அன்றைக்குத்தான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். சில நாட்களில் ஓலை இறங்கியது. அதே ஜூலை 16, 2013-இல், பீகாரின் சாரண் மாவட்டத்துக் கண்டாமன் கிராமத்தில் பூச்சிமருந்து கலந்த எண்ணெயில் சமைத்த மதிய உணவு 23 பிள்ளைகளைப் பலிகொண்டது. சமைத்ததைப் பெரியவர் ஒருவர் முதலில் ருசி பார்த்த பிறகே பரிமாற வேண்டும் என்ற விதி அதற்குப் பிறகு இறுகியது. அம்மா அதைக் கேட்டுவிட்டு, "ருசி பார்க்காமல் யாராவது பிள்ளைக்குச் சோறு போடுவார்களா?" என்றார். அவருக்கு அது விதியாகத் தெரியவில்லை.

பந்தியில் சாதி உட்காராமல் இருந்ததா என்றால், உட்கார்ந்தது. யார் பக்கத்தில் யார் என்பதை ஏழு வயதுப் பிள்ளைக்கு வீட்டில் சொல்லி அனுப்புவார்கள். பசி வந்ததும் பிள்ளை அதை மறந்துவிடும். பெரியவர்கள்தான் மறப்பதில்லை. சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித் மக்களுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் சொன்னது. 2018-இல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் தலித் பெண் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடமாட்டார்கள் என்று பெற்றோர் சிலர் கிளம்பினார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது அந்தப் பெண்ணை இடமாற்றம் செய்ததுதான். எதிர்ப்பு வலுத்த பிறகு அதை ரத்து செய்தார்கள். சோறு எல்லாரையும் சமமாக்கிவிடுகிறது என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்த ஊரின் கரண்டியைப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

முட்டையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் நாக்கு என்னை மன்னிக்காது. 1989 ஜூன் 3, கருணாநிதி ஆட்சி, இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை. நான் அப்போது ஆறாம் வகுப்பு. எங்கள் வீட்டில் கோழி இருந்தது, ஆனால் முட்டை விற்பதற்கானது. ஒரு முழு முட்டை, பங்கு போடாமல், எனக்கே எனக்கு என்று கிடைத்தது அப்போதுதான். கடித்துவிட்டால் தீர்ந்துவிடும் என்று வெள்ளைக் கருவைச் சுற்றிச் சுற்றிக் கொறித்து, மஞ்சளைக் கடைசிக்கு வைத்தேன். பக்கத்தில் இருந்தவன் முழுதாக வாயில் போட்டு விக்கினான். பிறகு வாரத்துக்கு ஒன்றாகி, மூன்றாகி, 2010-இல் வாரத்துக்கு ஐந்தானது. முட்டை உண்ணாதவர்களுக்கு வாழைப்பழம். செவ்வாயன்று பயறோ கொண்டைக்கடலையோ, வெள்ளியன்று உருளைக்கிழங்கு. ஜெயலலிதா ஆட்சியில் கலவை சாதங்கள் வந்தபோது அம்மா ஓய்வுபெறப் போகிற வயது. முப்பது ஆண்டுகளாகச் சாம்பார் வைத்த கைக்குக் கீரை சாதம், தக்காளி சாதம், வெஜிடபிள் பிரியாணி என்று பயிற்சி கொடுத்தார்கள். பிரியாணிக்குத் தண்ணீர் அளவு முதல் நாள் தவறிவிட்டது. பிள்ளைகள் அதைக் 'காய்கறிப் பொங்கல்' என்று பெயர்மாற்றித் தின்று தீர்த்தார்கள்.

சம்பளத்தைப் பற்றி அதிகம் எழுதினால் கோபம்தான் வரும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாடு முழுவதும் சமையலர்களுக்கென்று ஒன்றிய அரசு 2009-இல் நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய், அதுவும் ஆண்டுக்குப் பத்து மாதத்துக்கு. மே மாதம் அடுப்பு எரியாது, ஆகவே சமைக்கிறவர் வயிறும் எரியாது என்கிற கணக்கு. தமிழ்நாட்டில் இதைவிட மேல்தான். ஆனாலும் முழுக் காலமுறை ஊதியம் கேட்டு அம்மா தன் வாழ்நாளில் எத்தனை முறை மாவட்டத் தலைநகருக்குப் பஸ் ஏறியிருக்கிறார் என்று அவருக்கே எண்ணிக்கை தெரியாது. அரிசியை அவ்வளவு துல்லியமாக எண்ணத் தெரிந்த திட்டத்துக்கு, அதைச் சமைக்கிற கைகளை எண்ணத் தெரியவில்லை.

சென்ற ஆண்டு ஊருக்குப் போயிருந்தபோது ஒரு திங்கட்கிழமை காலை பள்ளிப் பக்கம் போனேன். இப்போது காலை உணவும் உண்டு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் 1,545 பள்ளிகளுக்கு என்று தொடங்கியது, அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுவதுமுள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. எங்கள் காலத்தில் பிரேயரில் யாராவது மயங்கி விழுவது அதிசயமில்லை. வெயில் தாங்கவில்லை என்று சொல்லி நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் தெளிப்பார்கள். எட்டரை மணிக்கு என்ன வெயில்?

ஓலைக் கொட்டகை இருந்த இடத்தில் கான்கிரீட் கூடம், கேஸ் அடுப்பு. மகளிர் குழுவைச் சேர்ந்த இரண்டு பெண்கள் ரவை உப்புமாவை எவர்சில்வர் தட்டுகளில் வைத்துச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைக்கு ஐம்பது கிராம் கணக்கு. யாரும் கையைத் தூக்கவில்லை. வந்த பிள்ளைகள் எல்லாரும் உட்கார்ந்தார்கள். எண்ணிக்கையைச் செல்பேசியில் ஏற்றினார்கள், துண்டுத் தாள் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேஸ் அடுப்பைப் பற்றிச் சொன்னதும் கண்ணைக் கசக்கிக்கொண்டார். முப்பது ஆண்டுப் புகை அந்தக் கண்களில் இன்னும் இருக்கிறது. எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "திங்கட்கிழமை எவ்வளவு போடுகிறார்கள்?"

எனக்குத் தெரியவில்லை. அவர் விடவில்லை. மறுநாள் போய் அந்தப் பெண்களில் மூத்தவரிடம் கேட்டேன். என்னை ஆய்வுக்கு வந்தவன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது, "எல்லா நாளும் ஒரே அளவுதான் ஐயா, கணக்குப்படிதான்" என்றார். நான் இன்னாருடைய மகன் என்று சொன்னேன். அவர் முகம் இளகியது. பின்னால் திரும்பி ஒருமுறை பார்த்துவிட்டு, ரவை டப்பாவுக்குப் பக்கத்தில் தனியாக மூடிவைத்திருந்த ஒரு சின்னச் சம்படத்தைக் காலால் மெல்ல உள்ளே தள்ளினார்.